கைதட்டுப் பாட்டின் நாலாவது வரி

விஜயகலாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவளுடைய தொண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறும் பாதையில், ரப்பர் மலையும் தேயிலை மலையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கும் ஒரு தோட்டத்தில், தகரக் கூரை போட்ட சின்ன ஜெப வீடு ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வளைவில் வரும் பஸ்காரன் ஹோர்ன் அடிக்க மாட்டான். மேலே விஜயகலா பாடிக்கொண்டிருப்பாள். அவன் சிங்களவன், பாட்டில் ஒரு சொல்லும் அவனுக்குப் புரியாது. ஆனாலும் கியரைக் குறைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு மெதுவாகத்தான் போவான்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பால்வெட்டுக்காரி. நிவித்திகல பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இந்திரகுமாரைக் கட்டி இங்கே லயத்து வரிசை வீட்டுக்கு வந்தவள். எந்தப் பாட்டையும் இரண்டு தரம் கேட்டால் போதும், தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சபையில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. பெரியவர்கள் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி, பிள்ளைகள் படிப்பதோ சிங்களப் பள்ளிக்கூடத்தில். ஆகவே, புத்தகத்தில் என்ன இருந்தாலும் விஜயகலா பாடுவதுதான் பாட்டு. அவள் பாட்டுக்கு நடுவில் தும்மியிருந்தால், அடுத்த ஞாயிறு அதையும் சேர்த்துத் தும்மியிருப்பார்கள். பொய் சொல்லவில்லை, அப்படிப்பட்ட சபை அது.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு ஒன்று இருந்தது. கைதட்டுப் பாட்டு என்று பெயர். சரணத்துக்கு மூன்று வரி. மூன்றாவது வரி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து நாலு தட்டு தட்டுவார்கள். டப், டப், டப், டப். டோலக் அடிக்கும் கன்னையா அந்த இடத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். குழந்தைகள் அந்த நாலு தட்டுக்காகவே தூங்காமல் உட்கார்ந்திருக்கும்.

பிறந்ததும் உம் கரத்திலே
வளர்ந்ததும் உம் கரத்திலே
மறைந்தாலும் உம் கரத்திலே

அப்புறம் நாலு தட்டு. பிறந்தநாளுக்கு இந்தப் பாட்டு, புது வீட்டுக்கு இந்தப் பாட்டு, பரீட்சை பாஸானாலும் இந்தப் பாட்டு. இந்திரகுமார் புதுத் திரிவீல் ஆட்டோ எடுத்தபோது அதன் முன்னால் நின்று, 'மறைந்தாலும் உம் கரத்திலே' என்று பாடிக் குதித்துக் கைதட்டியிருக்கிறார்கள் என்றால் பாருங்களேன்! இன்சூரன்ஸ்காரன் கேட்டிருந்தால் நெஞ்சைப் பிடித்திருப்பான். கருத்தை யார் பார்த்தார்கள்? தட்டு நன்றாக இருந்தது, போதாதா?

பதினொரு வருடம் அப்படித்தான் போனது. போன வருடம் புதுப் பாஸ்டர் வந்தார்.

பாஸ்டர் சுதர்ஷனுக்கு முப்பது வயதிருக்கும். நல்ல மனுஷன். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான், ராகம் என்பது அவருக்குச் சுத்தமாக வராது. அவர் பாடினால் வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பதைப் போலிருக்கும். அதனாலோ என்னவோ, அவருக்குப் பாட்டின் சொற்கள் மேல்தான் கண். "என்ன பாடுறோம்னு தெரியாம பாடுறது கிளி பேசுற மாதிரிங்க" என்று வந்த முதல் மாதமே சொல்லிவிட்டார். ஆராதனைக்குப் பிறகு 'பாட்டும் கருத்தும்' என்று அரைமணி நேரம் வைத்தார். வாரத்துக்கு ஒருவர் முன்னால் வந்து, ஒரு பாட்டை எடுத்து, அதில் தனக்கு விளங்கியதைச் சொல்ல வேண்டும். யாரோ கொழும்பிலிருந்து அனுப்பிய பெரிய டீவியைச் சுவரில் மாட்டி, பாட்டுக்களை அதில் எழுத்தில் காட்டினார். மேலே தமிழ் எழுத்து. கீழே அதே தமிழ்ப் பாட்டு, பிள்ளைகளுக்காகச் சிங்கள எழுத்தில். சிங்கள எழுத்தைப் பார்த்துத் தமிழில் பாடிய பிள்ளைகள் சந்தோஷத்தில் அன்றைக்குக் கூரையைப் பிய்த்துவிட்டன.

கைதட்டுப் பாட்டை அவர் டைப் செய்யப் புத்தகம் தேடினார். அது எங்கும் அச்சான பாட்டல்ல. இரத்தினபுரியில் நடந்த ஒரு பெண்கள் கூட்டத்தில், ஒரு டீச்சரம்மா தானே கட்டி, ரோணியோ மெஷினில் பிரதி எடுத்த தாளில் கொடுத்த பாட்டு. அந்தத் தாள் பழைய பாஸ்டரின் அலுமாரியில் கிடந்தது. இவர் தூசி தட்டி எடுத்து, உள்ளது உள்ளபடி டைப் செய்து, ஞாயிறு டீவியில் போட்டார்.

விஜயகலா வழக்கம்போல் எடுத்தாள். மூன்று வரி முடிந்தது. சபை நாலு தட்டு தட்டியது. அதே நேரம் பாஸ்டர் மட்டும் தனியாக, செய்தி வாசிக்கும் குரலில், "ஏன் என்று நான் கேளேனே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்டர் டீவியைப் பார்த்தார். சபையும் டீவியைப் பார்த்தது. அங்கே நாலு வரி இருந்தது.

"என்னாங்க இது, ஒவ்வொரு சரணத்துலயும் கடைசி வரி இருக்கே. யாரு தின்னது?" என்று பாஸ்டர் சிரித்தார். எல்லோரும் விஜயகலாவைப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "எங்க சபையில அப்படித்தாங்க பாஸ்டர்" என்றாள். முகம் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டது.

அந்த வரியை யார் தின்றார்கள் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

விஜயகலாவுக்கு ஒரு மகள் இருந்தாள். எப்சிபா என்று பெயர், எல்லோருக்கும் எப்சி. ஒன்பது வயது. பள்ளி விடுமுறை என்றால் அம்மாவோடு ரப்பர் மலைக்கு வந்துவிடும். அம்மா வெட்டுவதற்கு முன் மரத்தில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து உருட்டிக் கூடையில் போடுவது அதன் வேலை. இரத்தினபுரியிலிருந்து அந்தத் தாளோடு வந்த வாரம் விஜயகலாவுக்குத் தலைகால் புரியவில்லை. புதுப் பாட்டு, அதுவும் சபையில் யாருக்கும் தெரியாத பாட்டு! தானும் மகளுமாகச் சேர்ந்து பாடி எல்லோரையும் அசத்த வேண்டும் என்று நினைத்தாள். இராத்திரி லயத்தில் பழகியது போதாமல் காலையில் மலையிலும் பழகினார்கள். ஒரு மரத்துக்கு ஒரு வரி. முதல் மூன்று மரத்தில் அம்மா பாடுவாள். நாலாவது மரத்தில் எப்சி. அந்த வரி மேலே ஏறும், சின்னப் பிள்ளைக் குரலுக்குத்தான் அழகாக இருக்கும் என்று அம்மா அதை மகளுக்குக் கொடுத்தாள். அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று அவள் யோசிக்கவே இல்லை. ராகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. டெங்கு. நாலே நாள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் ஞாயிறு, புதுப் பாட்டு என்று முன்பே சொல்லி வைத்திருந்தபடியால் பழைய பாஸ்டர் மெதுவாக, "ஏலுமாம்மா?" என்று கேட்டார். ஏலும் என்று எழுந்து நின்றாள். மூன்று வரியும் பாடினாள். நாலாவது வரிக்கு, அந்த நாலாவது மரத்தடிக்கு, வந்ததும் வாய் மூடிக்கொண்டது. தாளம் விழுந்துவிடப்போகிறதே என்று பயந்து கன்னையா டோலக்கில் நாலு தட்டு தட்டினார். சபை கையால் தட்டியது. அவ்வளவுதான். அடுத்த ஞாயிறும் தட்டினார்கள். அதற்கடுத்த ஞாயிறு அதுவே பாட்டாகிவிட்டது. எப்சிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் ஒரு வரி இருந்தது என்றே தெரியாது.

தோட்டத்து மயானத்தில் எப்சிக்கு நட்ட மரச்சிலுவை இரண்டாவது மழைக்காலத்திலேயே மண்ணோடு சரிந்து போயிற்று. இப்போது அந்தச் சரிவில் மானாப்புல் இடுப்பளவு நிற்கிறது. எது யாருடைய குழி என்று கண்டுபிடிக்க முடியாது. ஆக, எப்சிக்கு என்று இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த இடம் அந்த நாலு தட்டு மட்டும்தான். ஊரே கூடி அங்கே கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. அது விஜயகலாவுக்கு வருத்தமாக இருக்கவில்லை. எப்சிக்குக் கைதட்டு பிடிக்கும்.

மலையில் அவளுடைய காலைகள் வேறு மாதிரி. ஐந்தரை மணிக்கு அவள் கீழ்மலைக்குள் இறங்கும்போது பனிமூட்டம் மரங்களின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கும். மரத்தின் மேல்பாதி ஒரு உலகத்தில், கீழ்ப்பாதி ஒரு உலகத்தில். கத்தி பட்டையில் வழுக்கிக்கொண்டு போக, வெள்ளைக் கோடு ஒன்று பிறந்து, சாய்ந்து ஓடி, சிரட்டைக்குள் சொட்டும். அவள் ஒரு வரி பாடுவாள். அடுத்த மரம், அடுத்த வரி. அதற்கடுத்த மரத்தில் 'மறைந்தாலும் உம் கரத்திலே'. நாலாவது மரத்தில் பாட மாட்டாள். கத்தியை நிறுத்தி, மெல்ல, பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பதுபோல் கேட்பாள்.

"ஏன்?"

இலை சொட்டும். எங்கோ ரப்பர் கொட்டை ஒன்று படாரென்று வெடித்து, ஒவ்வொரு கிளையாகத் தட்டிக்கொண்டு கீழே விழும். பதில் வராது. அவள் ஐந்தாவது மரத்துக்குப் போவாள். இருநூற்றைம்பது மரத்தில் அறுபது மரத்துக்கு மேல் அந்தக் கேள்வியை மட்டுமே கேட்டு வளர்ந்தவை. சில நாள் மூட்டம் கனத்திருந்தால், நாலாவது மரத்தடியில் யாரோ ஒட்டுப்பால் உரித்துக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும். முதலில் ஒன்பது வயதுப் பிள்ளையாக நின்றது. பிறகு பாவாடை சட்டை போதாமல் வளர்ந்தது. இப்போது இருபது வயதுப் பெண்ணாக, தன்னைவிட உயரமாக, முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறது. விஜயகலாவுக்குப் பயமே வரவில்லை. கூந்தலுக்கு எண்ணெய் போதாது என்று மட்டும் நினைத்துக்கொள்வாள். கிட்டப் போனால் மரம்தான். அதுவும் அவளுக்குத் தெரியும், பைத்தியம் ஒன்றும் பிடிக்கவில்லை. கேள்வி கேட்கிற வரைக்கும் அந்தப் பிள்ளை வரும், அவ்வளவுதான் கணக்கு. கேட்பதை நிறுத்திவிட்டால்?

இப்போது டீவியில் கொட்டை எழுத்தில், இரண்டு பாஷை எழுத்திலும், ஏன் என்று நான் கேளேனே.

பாஸ்டர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அடுத்த நாள் லயத்துக்கே வந்து, பிளேன்டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பாட்டுல ஒரு வரிய நாங்களா வெட்டி எறிய ஏலாது தானே. பாடினா முழுசா பாடுவோம். இல்லாட்டி அந்தப் பாட்ட சபையில விட்டுருவோம். உங்க முறைக்கு இன்னும் மூணு கிழமை இருக்கு. பாட்டும் கருத்தும்ல நீங்களே அந்தப் பாட்ட எடுத்துச் சொல்லுங்க."

"எனக்குப் பேச வராதுங்க பாஸ்டர்."

"உங்களுக்கா வராது? அங்க பாடினா இங்க மலை அசையுது!" என்று சிரித்துவிட்டுப் போனார்.

விஜயகலா கையில் கோப்பையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாடினால் எப்சியின் இடத்தில் எண்பது பேர் ஏறி நின்றுவிடுவார்கள். பாடாவிட்டால் பாட்டே போய்விடும், இடமும் போய்விடும். பாடினாலோ, கேட்க மாட்டேன் என்று கடவுளுக்கு முன்னால் வாயால் சொன்னதாகிவிடும். நாளைக் காலையில் எந்த முகத்தோடு நாலாவது மரத்தடியில் போய்க் கேட்பது? எப்படிப் பார்த்தாலும் மகள் கையை விட்டுப் போகிறாள், பதினொரு வருடத்துக்குப் பிறகு இரண்டாம் முறையாக.

அன்று பின்னேரம் இந்திரகுமார் வந்ததும் சொன்னாள். இந்திரகுமாரைப் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை. ஏனென்றால் அந்த மனுஷனே அதிகம் பேசுவதில்லை. சபையில் கதவோரக் கடைசி வாங்கில் உட்காருவார். பாட மாட்டார். தட்டவும் மாட்டார். ஆமென் சொல்வதற்குக்கூட யோசிப்பார். எப்சி போன மூன்றாம் மாதத்திலிருந்து அவர் வாயில் அந்தப் பெயரே வந்ததில்லை.

"பாஸ்டர் அந்தப் பாட்ட முழுசா பாடச் சொல்றாரு."

"ம்."

"நாலாவது வரியோட."

அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு துணியை எடுத்துக்கொண்டு திரிவீலைத் துடைக்கப் போய்விட்டார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு இருட்டும் வரை நின்றார். விஜயகலாவுக்கு நெஞ்சு பற்றிக்கொண்டு வந்தது. இவருக்கென்ன, எல்லாம் முடிந்துபோன கதை. அந்த திரிவீலுக்கு இருக்கிற இடம்கூட அந்தப் பிள்ளைக்கு இவர் மனதில் இல்லை என்று நினைத்தாள். அந்த இரவு அவருக்கு அவள் சோறு போடவில்லை. தானே போட்டுச் சாப்பிட்டார், அதையும் சத்தமில்லாமல்.

மூன்றாவது வாரம் விடாத மழை. மழையென்றால் பால்வெட்டு இல்லை, வெட்டினால் பட்டையெல்லாம் வழிந்து வீணாகிவிடும். சும்மா இருந்த விஜயகலா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கீழ்மலைக்குப் போனாள். கத்தி இல்லை, வாளி இல்லை. வெறுங்கையோடு மரம் மரமாக நடந்தாள். மழைக்குள் மலை முழுக்க ஒரே முணுமுணுப்பு, பெரிய சபை ஒன்று கண்ணை மூடி ஜெபிப்பது மாதிரி. நாலாவது மரத்தில் யாரும் நிற்கவில்லை. எட்டாவதிலும் இல்லை. தண்ணீர் மட்டும் பழைய வெட்டுக் கோட்டின் வழியே ஓடி, கவிழ்த்து வைத்த சிரட்டையில் பட்டுத் தெறித்தது. அவள் மரத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

தேயிலை மலையிலிருந்து குறுக்குப் பாதையில் வந்த வெள்ளையம்மா அதைப் பார்த்துவிட்டாள். அறுபது வயது, வாய்க்குப் பூட்டே கிடையாது. பக்கத்து லயத்துக்காரி. "அடியே கலா! அட்டை ஏறுதடி காலுல! மரத்தக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு என்னா நாடகம்?" என்று அதட்டிக்கொண்டே வந்தவள், முகத்தைக் கண்டதும் குரலை இறக்கினாள்.

"அந்தப் பாட்டுதானே? அப்படி என்னதாண்டி இருக்கு அந்த வரியில? எனக்கு வாசிக்கத் தெரியாது, சொல்லேன்."

"ஞாயித்துக்கெழம சொல்றேன்க்கா" என்றாள் விஜயகலா. சொல்லத்தான் போகிறாள் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

ஞாயிறு வெயில் அடித்தது. நனைந்த கூரையிலிருந்து ஆவி எழும்பி ஜெப வீடே மிதப்பது போலிருந்தது. ஆராதனை முடிந்து பாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். டீவியில் நாலு வரியும் நின்றன. விஜயகலா முன்னால் வந்து, மைக்கை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு இந்தப் பாட்டோட கருத்து தெரியாதுன்னு பாஸ்டர் நெனைக்கிறாரு. தெரியும்ங்க. தெரிஞ்சதாலதான் பாடல்ல. ஒங்க எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், ஆனா ஒரு வரிய மறைச்சிட்டேன். என்னய மன்னிச்சுக்கங்க."

டீவியில் நின்ற கடைசி வரியை அவள் கையால் காட்டினாள்.

"நாலாவது வரி என் மகளுக்குக் குடுத்த வரி. எப்சிக்கு. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பாடப் பழகினது. 'ஏன் என்று நான் கேளேனே.' ராகம் நல்லாருக்குன்னு ஒம்பது வயசுப் பிள்ளை வாயில நான்தான் அத வச்சேன். கருத்து எனக்கு அப்புறமாத்தான் வந்துச்சி. ஆஸ்பத்திரில இருந்து வர்ற வழியில வந்துச்சி. மூணாவது வரிய நான் நம்புறேன். மறைந்தாலும் உம் கரத்திலே. அத நம்பாட்டி எனக்கு நிக்க இடமே இல்ல. ஆனா நாலாவது வரி எனக்கு ஏலாது. நான் கேக்குறேன். தெனமும் கேக்குறேன். வெட்டுற மரத்துக்கெல்லாம் தெரியும். கேக்க மாட்டேன்னு பாடினா பொய். கேக்கிறத விட்டா எம் பிள்ளை போயிரும். நீங்க கைதட்டுற இடம் அவ இடம். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல்ல."

கன்னையா டோலக்கை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். பதினொரு வருடம் பல்லைக் காட்டி அடித்த அந்த நாலு தட்டும் அவர் கையில் கனத்திருக்க வேண்டும். பின்னால் யாரோ சிங்களத்தில், "அனே, பாவ்" என்று பரிதாபப்பட்டார்கள்.

பாஸ்டர் டீவியைப் பார்த்தார், விஜயகலாவைப் பார்த்தார். கையிலிருந்த பைபிளைத் திறக்கப் போய், திறக்காமலே விட்டுவிட்டார். அந்த மனுஷனுக்கு அது ஒன்றே போதும், நான் அவரை நல்லவர் என்று சொல்வதற்கு. "அக்கா, எனக்கு இது தெரியாதுங்க" என்றார். "இப்ப நாங்க இந்தப் பாட்ட என்னா செய்றது? நீங்களே சொல்லுங்க."

"தெரியாதுங்க."

எழுந்து நின்றது வெள்ளையம்மா. "இதுல தெரியாம என்னா கெடக்கு? நீ கேளு கலா. சாகும் வரைக்கும் கேளு. கேக்காதன்னு ஒன்னய யாரும் சொல்லல்ல. ஒனக்கு ஏலாத வரிய நாங்க பாடுறோம். நீ மூணு வரி பாடிட்டுச் சும்மா நில்லு. அந்தப் புள்ளைக்காக நாங்க பாட மாட்டோமா?"

"ஆமா ஆமா" என்றது சபை. "ஹரி, சரி, நாங்க பாடுறோம்!"

விஜயகலா எடுத்தாள். பிறந்ததும், வளர்ந்ததும், மறைந்தாலும். வாயை மூடிக்கொண்டாள். சபை டீவியைப் பார்த்து நாலாவது வரியைத் தொடங்கியது.

அங்கேதான் வந்தது வினை. சொல் எல்லோருக்கும் இருந்தது. ராகம் ஒருவருக்கும் இல்லை! அந்த வரியைப் பாடி இந்தச் சபையில் யார் கேட்டிருக்கிறார்கள்? வெள்ளையம்மா ஒப்பாரி மெட்டில் ஏறினாள். பிள்ளைகள் மூன்றாவது வரியின் ராகத்தையே திருப்பிப் போட்டன. பாஸ்டர் செய்தி வாசித்தார். நாலு சொல்லில் நாற்பது திசைக்குப் போய், பாட்டு நடுவழியில் நின்றுவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கோ சிரிப்புக்கூட வந்தது, அடக்கிக்கொண்டார்கள். விஜயகலா நிலத்தைப் பார்த்தாள். அந்த ராகம் தெரிந்த ஒருத்தி மண்ணுக்குள் இருக்கிறாள், இன்னொருத்திக்கு வாய் வரவில்லை. அப்படியானால் முடிந்தது என்று நினைத்தாள்.

அப்போது கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரத்த குரல். பாடிப் பழக்கமே இல்லாத குரல்.

"ஏன் என்று..."

எல்லாத் தலையும் திரும்பியது. இந்திரகுமார் எழுந்துகூட நிற்கவில்லை. முன் வாங்கின் முதுகுப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ராகம் பிசகவில்லை. ஏற வேண்டிய இடத்தில் ஏறினார், அந்தக் கட்டைத் தொண்டை அதற்கு எட்டாமல் கிழிந்தது, ஆனாலும் ஏறினார்.

"ஏன் என்று நான் கே..."

எப்சி அந்த இடத்தில் மூச்சு வாங்குவாள். சொல்லின் நடுவில் மூச்சு வாங்கக் கூடாதடி என்று விஜயகலா எத்தனை தரம் திருத்தினாலும், ஓடி வந்தவள் போல அங்கே ஒரு மூச்சு எடுத்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பாடுவாள். ஒற்றை அறை லயத்தில், அடுப்புப் புகைக்குள், தாயும் மகளும் பழகிக்கொண்டிருக்க, அந்த மனுஷன் ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தார். கேட்கிறாரா இல்லையா என்றுகூட அப்போது யாரும் பார்த்ததில்லை.

அவர் அதே இடத்தில் மூச்சு வாங்கினார்.

"...ளேனே."

விஜயகலாவின் கால் தன்னால் நடந்தது. சபைக்கு நடுவே, வாங்குகளைப் பிடித்துப் பிடித்து, கதவோரம் வரை போனாள். இந்திரகுமார் கண்ணைத் திறந்தார். கண்ணீர் தாடையிலிருந்து சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. பதினொரு வருடமாக ஒரே பாயில் படுத்திருந்த இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம் திரும்பி அதே பிள்ளையை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவள் அவர் பக்கத்தில் அந்தக் கடைசி வாங்கில் உட்கார்ந்தாள்.

"என்னாங்க" என்றாள். "இன்னொருக்கா பாடுங்க."